சொந்தமாக ஓர் உதாரணம் தருக

இல்லை சார், அது உருவகம் இல்லை. உங்க வக்கீல் சொல்லிக் குடுத்த வார்த்தையை இங்க வந்து ஒப்பிக்காதீங்க. முதல்ல உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும், இதுல உக்காருங்க. ஜன்னல் அதிருதேன்னு பாக்கறீங்களா? பின்னாடியே சாந்த்ராகாச்சி ரயில் யார்டு. நாள் பூரா பெட்டியைக் கோத்துக்கிட்டும் பிரிச்சுக்கிட்டும் இருப்பான். எங்க வீட்டுக்காரர் ரயில்வே, பதினாறு வருஷமா இந்தக் குவார்ட்டர்ஸ்தான். எங்களுக்குக் காதுல விழறதே இல்லை.

அந்த ஸ்வீட் பெட்டியை மேஜைமேல வைக்காதீங்க. மடியிலயே இருக்கட்டும்.

லெட்டரைக் குடுங்க, இன்னொரு தடவை பாக்கறேன். இங்கிலீஷ் நல்ல இங்கிலீஷ், ஒத்துக்கறேன். திருமதி அனந்தலக்ஷ்மி ஜெய்ராம் தன் எம்.ஏ. பயிற்சித் தாளில் எழுதிய வாக்கியங்கள் அனைத்தும் இலக்கிய அணிகளுக்கான கற்பனை உதாரணங்களே, அவற்றுக்கும் அவருடைய குடும்ப வாழ்க்கைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை, தாளைத் திருத்திய ஆசிரியை என்ற முறையில் இதைச் சான்றளிக்கிறேன். கீழ ஒரு கோடு. கோட்டுக்குக் கீழ என் பேர், வத்சலா, எம்.ஏ., எம்.ஃபில். டிகிரியைக் கூட விடலை. நாளன்னிக்கு அலிப்பூர் கோர்ட்டுல உங்க மேல, உங்க சம்சாரம் மேல, உங்க பிள்ளை ஜெய்ராம் மேல, மருமகளைப் பட்டினி போட்டு வெச்சதா கேஸ் எடுக்கறாங்க. அன்னிக்கு இந்தக் காகிதத்தை ஜட்ஜ்கிட்ட நீட்டணும். அதுக்கு நான் கையெழுத்துப் போடணும். இவ்வளவுதானே சார் விஷயம்?

ஒரே ஒரு கையெழுத்துதானா. ஆமா, ஒண்ணே ஒண்ணுதான்.

நாமெல்லாம் தமிழ் ஆளுங்க, ஊர் விட்டு ஊர் வந்த இடத்துல ஒருத்தருக்கு ஒருத்தர் அனுசரணையா இருக்கணும்னு சொன்னீங்களே, உள்ள நுழையறப்போ? அதை இன்னொரு தடவை சொல்லாதீங்க, எனக்குக் குமட்டுது. அந்தப் பொண்ணும் தமிழ்ப் பொண்ணுதான். மாயவரத்துல பொறந்து வளர்ந்தவ. இந்த ஊர்ல பஸ்ஸுல டிக்கெட் கேக்கற அளவுக்குக் கூட பெங்காலி தெரியாது. மூணு வருஷம் உங்க டாலிகஞ்ச் ஃபிளாட்டுல இருந்திருக்கா. ஆஸ்பத்திரில சேத்தப்போ எடை பாத்தாங்க, முப்பத்து நாலு கிலோ. இருபத்தஞ்சு வயசு. அனுசரணைங்கற வார்த்தைக்கு என்கிட்ட விளக்கம் கேட்டா இதைத்தான் சொல்வேன்.

கோவம் எல்லாம் இல்லை. நான் பேசறதே இப்படித்தான். காலேஜ்ல கேட்டுப் பாருங்க.

சரி, உங்களுக்குப் புரியற மாதிரி ஆரம்பத்துல இருந்து சொல்றேன். நான் ஹவுராவுல ஒரு காலேஜ்ல பதினெட்டு வருஷமா இங்கிலீஷ் இலக்கியம் எடுக்கறேன். அது போக தபால்வழியா எம்.ஏ. படிக்கறவங்களோட தாளைத் திருத்தறேன். வருஷா வருஷம் ஒரே கேள்விதான் வரும். கீழ்க்கண்ட இலக்கியச் சொற்களை விளக்கி, ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஓர் உதாரணம் தருக. சிமிலி, மெட்டஃபர், பெர்சானிஃபிகேஷன், யூஃபமிசம், ஐரனி, அப்படிப் பத்து. முதல் தாள்ல அஞ்சு, ரெண்டாவது தாள்ல அஞ்சு.

சொந்தமாங்கற வார்த்தையை எவனும் படிக்கறது இல்லை சார். காலேஜ் ஸ்ட்ரீட்ல ஒரு கைடு விக்குது, மஞ்சள் அட்டை. அதைப் பாத்து எல்லாரும் இறக்கிடறாங்க. உவமைக்கு, அவள் முகம் நிலவைப் போன்றது. உருவகத்துக்கு, அவன் ஒரு சிங்கம். நூத்து நாப்பது தாள்னா நூத்து நாப்பது சிங்கம். அலிப்பூர் மிருகக்காட்சிசாலைல கூட அத்தனை கிடையாது. உயிர் இல்லாததுக்கு உயிர் குடுக்கற அணிக்கு, சூரியன் சிரித்தான். எதுக்குடா சிரிச்சான்? உன் தாளைப் பாத்துத்தான் சிரிச்சிருப்பான். விளக்கம் மட்டும் ஒரு எழுத்துப் பிசகாது. அதே விஷயம் எதிர்ல வந்து நின்னா அடையாளம் தெரியாது. இந்த நாட்டுல இலக்கியம் படிக்கறதுன்னா அதான். எனக்கு அருவருப்பா இருக்கும் சார், நிஜமாவே. ராத்திரி சோறு இறங்காது.

அப்படிப்பட்ட குப்பைக்கு நடுவுல போன புரட்டாசி மாசம் உங்க மருமகளோட முதல் தாள் வந்துது. நீலக் கோடு போட்ட பேப்பர், குட்டிக் குட்டி எழுத்து. சிங்கம் இல்லை, நிலா இல்லை. நான் நிமிந்து உக்காந்தேன்.

என்ன? ஆமா, நீங்களும் படிச்சீங்கன்னு தெரியும். தபால்ல போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தாளையும் நீங்க படிச்சிருக்கீங்க. அவ அப்பாவுக்கு எழுதற இன்லண்ட் லெட்டரையும் ஒட்டறதுக்கு முன்னாடி வாங்கிப் படிச்சிருக்கீங்க. சௌக்கியமா இருக்கேன், கவலை வேண்டாம்னு ஒரு வரி, அதோட முடிஞ்சுது. படிக்க விட்டதே ஸ்கூல் வேலைக்குப் போவாங்கறதுக்காக. பாடம்தானே, பாடத்துல என்ன இருக்கப் போகுதுன்னு நினைச்சீங்க. ஒரு எழுத்துப் பிழையைக் கூடத் திருத்தியிருக்கீங்க, பென்சில்ல. ரிட்டையர்டு ஆபீசர் இல்லையா, கை சும்மா இருக்குமா.

உவமைக்கு அவ என்ன எழுதினா, ஞாபகம் இருக்கா? தமிழ்ல சொல்றேன். இந்த வீட்டில் நான் சாமி மாதிரி. எல்லாவற்றையும் எனக்கு முன்னால் கொண்டுவந்து காட்டுவார்கள், பிறகு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

ஏன் சார் தலையைக் குனிஞ்சுக்கறீங்க? நல்ல உவமை அது. நைவேத்தியம் பண்றது, காட்டறது, எடுக்கறது, எல்லாம் பொருந்தி வருது. நாலு பேர் சாப்பாட்டை அவதான் சமைச்சா. சாமிக்குக் காட்டறதுக்கு முன்னாடி உப்புப் பாக்கக் கூடாது. காட்டினதுக்கு அப்புறம் அவளுக்கு அன்னிக்கு விரதம்.

அதுக்குத்தான் வரேன். யூஃபமிசம். தமிழ்ல மங்கல வழக்குன்னு சொல்லிக் குடுப்பேன். காதால கேக்கச் சகிக்காததை வாய்க்கு இதமா மாத்திச் சொல்றது. செத்தார்னு சொல்லாம இறைவனடி சேர்ந்தார்னு சொல்றோம் பாருங்க, அது. அவ எழுதின உதாரணம், சில வீடுகளில் பசிக்கு விரதம் என்று பெயர். சில வீடுகளில்னு பொதுவாப் போட்டதால நீங்க விட்டுட்டீங்க. கெட்டிக்காரப் பொண்ணு.

அவளா இருந்தாளா? பக்தியிலயா? இருங்க, கணக்குப் பாத்துடலாம். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்துல குழந்தை இல்லை, உங்க சம்சாரம் சாவித்ரி அம்மா ஜோசியரைப் பாத்துட்டு வந்து ஆரம்பிச்சாங்க. முதல்ல செவ்வாய், முருகனுக்கு. அப்புறம் வெள்ளி, அம்பாளுக்கு. சனி, சனீஸ்வரனுக்கு. திங்கள், சிவனுக்கு. வியாழன், குருவுக்கு. ஞாயிறு, சூரியனுக்கு. புதன்கிழமைக்கு மட்டும் சாமி கிடைக்கலை போல, அன்னிக்கு ஒரு வேளை. டாக்டர் எழுதின காகிதத்துல இதெல்லாம் இருக்கு. பாலும் பழமும் உண்டா? உண்டு, ஆறு மாசம் வரைக்கும். அப்புறம் பாலும் பழமும் சாப்பிட்டா விரதம் பலிக்காதுன்னு அந்த ஜோசியரே சொல்லிட்டாராமே. பக்தியில இருக்கறவளுக்கு எதுக்கு சார் ஃபிரிட்ஜுக்குப் பூட்டு? சாவி உங்க சம்சாரத்தோட தாலிச் சரட்டுல எதுக்குத் தொங்குது?

எலியா? ஃபிரிட்ஜுக்குள்ளயா? நல்லா இருக்கு. இதை நீங்க கோர்ட்டுல சொல்லணும், நான் முன்வரிசைல உக்காந்து கேக்கணும்.

உங்க பிள்ளை என்ன பண்ணினார்? பாங்க்குக்குப் போனார், வந்தார். அம்மாவுக்கு எதிர்ல பேசத் தெரியாதவர்னு சொல்றீங்க. அதுக்கும் ஒரு மங்கல வழக்கு வெச்சிருக்கீங்க, சாதுப்பிள்ளைன்னு.

தண்ணி வேணுமா? அந்தக் கூஜால இருக்கு, எடுத்துக் குடிங்க. இங்க பூட்டு கிடையாது.

இப்போ காக்காவுக்கு வரேன். வேண்டாம்னா எப்படி, அதுதான உங்களை இந்த இடத்துல கொண்டுவந்து உக்கார வெச்சிருக்கு. தினம் சாப்பிடறதுக்கு முன்னாடி காக்காவுக்கு ஒரு பிடி சோறு, பருப்பும் நெய்யும் விட்டு, பால்கனிச் சுவர்மேல. நானும்தான் வைக்கறேன், எங்க ஊர்லயும் வழக்கம் உண்டு. அதை வைக்கற வேலை மருமகளோடது. அவ எழுதினா, எங்கள் வீட்டுக் காக்கை பண்புள்ளது; தினமும் எனக்காகப் பாதிச் சோற்றை மிச்சம் வைத்துவிட்டு, சாப்பிடு என்று சொல்லிவிட்டுப் போகிறது. பெர்சானிஃபிகேஷன். பறவைக்கு மனுஷ குணம் குடுத்தாச்சு. இலக்கணப்படி கச்சிதம்.

எதிர்ஃபிளாட் வங்காளி அம்மா, எல்லாரும் பௌதின்னு, அதான் அண்ணின்னு கூப்பிடறவங்க இருக்காங்களே, அவங்க எட்டாங் கிளாஸோட நின்னவங்க. தமிழ் தெரியாது, இங்கிலீஷ் தெரியாது, மெட்டஃபர்னா மீன் பேரான்னு கேப்பாங்க. காக்காவுக்குச் சோறு வைக்கற வழக்கமே அவங்களுக்குத் தெரியாது. ஆனா அவங்க வீட்டுச் சமையலறை ஜன்னல் உங்க பால்கனியைப் பாத்து இருக்கு. ரெண்டு வாரமா பாத்துக்கிட்டே இருந்திருக்காங்க. ஒரு நாள் காலைல காக்கா போகலை, உங்க மருமக புடவைத் தலைப்பால அதை அடிச்சுத் துரத்தியிருக்கா. அந்தச் சோத்துக்காக அதோட சண்டை போட்டிருக்கா. பௌதி அடுப்பை அணைச்சுட்டு நேரா வந்து உங்க வீட்டு மணியை அடிச்சாங்க. என்ன சொன்னாங்கன்னு நீங்கதான் கேட்டீங்களே. மேயேட்டா காகேர் பாத் காச்சே. பொண்ணு காக்காச் சோத்தைத் தின்னுது. ஒரு உவமை இல்லை, ஒரு அணி இல்லை. பாத்தாங்க, சொன்னாங்க. அப்புறம் பாராவுல, அதான் அக்கம்பக்கத்துல, நாலு பொம்பளைங்களைக் கூட்டிக்கிட்டு, உங்க சம்சாரம் கதவை மறிச்சுக்கிட்டு நிக்க நிக்க, அவளைக் கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து டாக்சில ஏத்தினாங்க.

மரியாதை போச்சா. பில்டிங்ல தலை காட்ட முடியலையா. பாவம்.

இப்பத்தான் நீங்க சரியான இடத்துக்கு வரீங்க. அதைத்தான் எதிர்பாத்துக்கிட்டிருந்தேன். கோட்டுப் பையில ஜெராக்ஸ் வெச்சிருக்கீங்க, எடுங்க, எதுக்குக் கூச்சம். முதல் தாளோட நகல். காக்கா வாக்கியத்துக்குப் பக்கத்துல நான் எழுதினது என்ன? வசீகரமான கற்பனை. சாமி உவமைக்குப் பக்கத்துல? கூர்மையான நகைச்சுவை. விரதத்துக்கு? நல்ல சமூக விமர்சனம். அஞ்சுக்கு அஞ்சு. கீழ தனியா ஒரு வரி, இவ்வளவு அசலான தாளைப் பல வருஷமாகப் பார்த்ததில்லை, வாழ்த்துகள். என் கையெழுத்துதான். இல்லைன்னு சொல்லலை. உங்க வக்கீல் இதைப் பாத்துத்தான் துள்ளியிருக்கார். இங்கிலீஷ் இலக்கியம் கரைச்சுக் குடிச்ச அம்மாவே கற்பனைன்னு எழுதிட்டா, ஜட்ஜ் என்ன சொல்லிடப் போறார்னு. அதே அம்மாகிட்ட ஒரு சான்றிதழும் வாங்கிட்டு வந்துடுங்கன்னு அனுப்பியிருக்கார்.

புத்திசாலி வக்கீல். மனுஷனுக்கு என்னை நல்லாத் தெரிஞ்சிருக்கு.

கேளுங்க. அன்னிக்கு நான் அந்தத் தாளை ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டு போனேன். எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். பாருங்க, எவ்வளவு அழகா எழுதியிருக்கா, ஒரு ஹவுஸ்வைஃப்னு. சாமி உவமைக்கு எல்லாரும் சிரிச்சோம். ஏழு பேர். ஏழு பேரும் எம்.ஏ. டீ வந்துது, சிங்காரா வந்துது, இந்த ஊர் சமோசா, அதைக் கடிச்சுக்கிட்டே சிரிச்சோம். ஒருத்தருக்கும் தோணலை. நீங்க படிச்சீங்க, பென்சில்ல திருத்தினீங்க. நான் படிச்சேன், வாழ்த்து சொன்னேன். நம்ம ரெண்டு பேர்ல உங்க நிலைமை எவ்வளவோ தேவலாம் சார். நீங்க தெரிஞ்சே பண்ணினீங்க.

ஐரனின்னு ஒண்ணு எடுப்பேன். நாடகத்துல வரும். பாக்கறவங்க அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும், மேடைமேல நிக்கறவனுக்கு மட்டும் தெரியாது. அவன் பெரிசாப் பேசிக்கிட்டிருப்பான். இதை நான் கைகாலை ஆட்டி, குரலை ஏத்தி இறக்கி, பதினெட்டு வருஷமா எடுக்கறேன். பசங்களுக்கு ரொம்பப் பிடிச்ச கிளாஸ் அது.

சான்றிதழ்ல கையெழுத்துப் போட மாட்டேன். நீங்க லெட்டரை நீட்டினப்போவே நான் இதைச் சொல்லியிருக்கலாம், உங்க நேரம் மிச்சம் ஆகியிருக்கும். கிழிக்கலை, பத்திரமா எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு உங்க பிள்ளைக்குக் கல்யாணம் பண்ணிவைக்க இன்னொரு பொண்ணைப் பாக்கறப்போ, இதை மாதிரி லெட்டர் எப்படி எழுதறதுன்னு நமூனா வேணுமில்ல.

என்ன சார் சொன்னீங்க? பயமுறுத்தறீங்களா, புத்தி சொல்றீங்களா? சரி, புத்திதான்னு வெச்சுக்கறேன். கோர்ட்டுல குறுக்கு விசாரணை பண்ணினா என் பேர் கெடும், காலேஜ்ல சிரிப்பாங்க, ஒரு தாளைப் படிக்கத் தெரியாதவ புரொஃபசரான்னு கேப்பாங்க. கேப்பாங்கதான். அந்த ஒரு தாளோட போச்சுன்னா எனக்கு வருத்தமே இல்லையே.

ரெண்டாவது தாள் ஒண்ணு உண்டு. உங்ககிட்ட ஜெராக்ஸ் இருக்காது. அதை நீங்க படிக்கவும் இல்லை, பொங்கலுக்கு நீங்க காசி போயிருந்தப்போ ஜெய்ராம்கிட்டக் குடுத்து போஸ்ட் பண்ணியிருக்கா. பௌதி வந்து கூட்டிட்டுப் போனதுக்குப் பத்து நாள் முன்னாடி அது என் கைக்கு வந்துது. திருத்திட்டேன், திருப்பி அனுப்பத் தாமதமாயிடுச்சு. அப்படியே இந்த அலமாரியில, கட்டுக்குள்ள கிடந்துது. அப்படி ஒண்ணு இருக்கறது யாருக்குமே தெரியாது. அந்தப் பொண்ணுக்கே தபால்ல தொலைஞ்சு போச்சுன்னு நினைப்பு. நான் அதைக் கொளுத்தியிருக்கலாம். ஒரு நாள் முழுக்க அதைத்தான் யோசிச்சேன், உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு.

அதுல ஹைப்பர்பொலி வருது. உயர்வு நவிற்சி. இருக்கறதை இருக்கறதுக்கு மேல, நடக்கவே முடியாத அளவுக்கு ஏத்திச் சொல்றது. அவ ஒரே வரி எழுதியிருந்தா. நான் கடைசியாகச் சாப்பிட்டது புதன்கிழமை, இன்று திங்கட்கிழமை.

அவ்வளவுதான். அலங்காரம் ஒண்ணும் இல்லை. அதுக்குப் பக்கத்துல நான் எழுதினேன், இது நடக்கக்கூடியது, ஆகவே உயர்வு நவிற்சி ஆகாது. நடக்கவே முடியாத ஒன்றைக் கற்பனை செய்து எழுதவும். அரை மார்க் குறைச்சேன்.

இலக்கணப்படி நான் சொன்னது சரி சார். எந்த யுனிவர்சிட்டில வேணும்னாலும் காட்டுங்க, யாராலும் தப்புச் சொல்ல முடியாது.

நேத்து மத்தியானம் அலிப்பூர் போய் அவளோட வக்கீல்கிட்டக் குடுத்துட்டு வந்தேன். அவங்களும் பொம்பளைதான், சின்ன வயசு. ரெண்டு தடவை படிச்சாங்க, என்னை நிமிந்து பாக்கலை. நாளன்னிக்குக் கூண்டுல நின்னு நீங்களே படிச்சுக் காட்டுங்க மேடம், அவ எழுதினதையும் நீங்க எழுதினதையும்னு மட்டும் சொன்னாங்க. நீங்க மணி அடிச்சப்போ அதைத்தான் சத்தமாப் படிச்சுப் பழகிக்கிட்டிருந்தேன். அவ வரி வந்துடுது. என்னோடதுதான் வாய்ல வர மாட்டேங்குது.